ரத்தத்தில் இருந்தது

ரிஃபானா குடித்திருந்தாள் என்று காகிதம் வந்த அன்றைக்குக் காத்தூன் பீவி மகளுக்காக யாசீன் ஓதுவதை நிறுத்தினார். அழுவதையும் நிறுத்தினார். நாற்பதாம் ஃபாத்திஹா முடிந்த பிறகும் தெருப் பெண்கள் வியாழக்கிழமைதோறும் வந்து ஓதிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். காகிதம் வந்த வாரம் அவர்கள் வந்தபோது கதவைப் பாதி திறந்து, "ஒடம்பு சரியில்ல புள்ள, அப்பறமா சொல்லி அனுப்புறேன்" என்றார். சொல்லி அனுப்பவில்லை. அவர்களும் கேட்கவில்லை. கல்மண்டபத்துக்குப் பின்னால் உள்ள அந்தத் தெருவில் ஒரு வீட்டில் பால் பொங்கினால் அடுத்த வீட்டில் அடுப்பை அணைப்பார்கள். காகிதத்தில் என்ன இருந்தது என்பது காகிதத்துக்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனுக்கு அவர் கணவர் தாவூதும் மருமகன் சுஹைபும்தான் போயிருந்தார்கள். ரைட்டர் காகிதத்தைப் பிரித்து வாய்விட்டுப் படித்தார். இறந்தவரின் ரத்தத்தில் எத்தில் ஆல்கஹால் இருந்தது. பெஞ்சில் வேறு வேலையாக வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பள்ளம் தோண்டினவன் தடுப்பு வெக்கல, அவன் மேல கேஸ் போடுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனீங்களே பாய்" என்றார் ரைட்டர். "பொண்ணு தண்ணி போட்டுட்டு இல்ல வண்டி ஓட்டிருக்கு. கான்ட்ராக்டர இன்னா பண்ணச் சொல்ற?"

தாவூது எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். "எம் பொண்ணு அஞ்சு வேள தொழுவுறவ சார்" என்றார். பெஞ்சில் யாரோ இருமினார்கள்.

புயல் வந்த அன்று ரிஃபானா வேலைக்குப் போயிருந்தாள். மணலி ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடும் வேலை. மழை பிடித்து நெடுநேரம் கழித்துத்தான் விட்டார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் முழங்கால் தண்ணீர். ரோடு எது, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் எது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே மட்டம். மறுநாள் மதியம் பள்ளம் போய்க் கால்வாயில் சேரும் இடத்தில் அவளைக் கண்டுபிடித்தார்கள். ஸ்கூட்டர் அதற்கும் பிறகுதான் கிடைத்தது.

தெரு நம்பியதில் அதிசயம் இல்லை. சுஹைப் நம்பினான். கல்யாணமாகி இரண்டு வருஷம் அவளோடு அந்த வீட்டு மாடியில் இருந்தவன். அவள் வாயில் சோம்பு வாசனை தவிர வேறு வாசனை அறியாதவன். ஆனாலும் நம்பினான். காரணம், அந்த மிஷின் அவனுக்குத் தெரியும். அவன் கெமிஸ்ட்ரி படித்தவன். திருவொற்றியூரில் ஒரு எண்ணெய் டேங்க் கம்பெனியின் லேபில் அதே மாதிரி மிஷினோடுதான் அவனுடைய பகல் போகிறது. சின்னக் கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் திரவம், மேலே இறுக்கிய மூடி. புட்டியைச் சூடாக்கினால் திரவத்தில் இருப்பதெல்லாம் ஆவியாகி மேலே நிற்கும். ஊசி அந்த ஆவியை உறிஞ்சித் தலைமுடி மாதிரி ஒரு நீளக் குழாய்க்குள் அனுப்பும். ஒவ்வொரு பொருளும் அதனதன் நேரத்துக்கு வெளியே வரும். வரும்போது திரையில் ஒரு மேடு எழும். ஒரு டேங்க் எண்ணெயில் ஒரு சொட்டுக் கரைப்பான் கலந்திருந்தாலும் மேடு எழும். அந்த மிஷின் யாருக்கும் சொந்தக்காரன் இல்லை.

எப்போது, எங்கே, யாரோடு என்று யோசித்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததையும் நம்பினான்.

காத்தூன் பீவி அவனிடம் ஒரு தடவைதான் கேட்டார். சோற்றைப் போட்டுவிட்டு, தட்டைத் தள்ளாமல், "நீ படிச்சவன். அந்த மிஷினு தப்பா சொல்லுமா?" என்றார். சுஹைப் இல்லை என்று தலையாட்டினான். அவர் தட்டைத் தள்ளினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு வெந்தது, குழம்பு கொதித்தது, பேச்சு இல்லை. அவர் கோபத்தில் இருந்தார். இறந்துபோன மகள் மேல் ஒரு தாய்க்கு வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதை அவர் அம்மியில் வைத்து அரைத்தார்.

பங்குனி வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை லேபில் தீனா அவனைக் கூப்பிட்டான். தீனா கொருக்குப்பேட்டைக்காரன். இருவரும் ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"டேய் சுஹைபு, இங்க வந்து பாரு. நம்ம டேங்க்கு சரக்கு அடிச்சிகீது."

"எந்த டேங்க்?"

"மொலாசஸ் டேங்க், சக்கர ஆலைப் பாவு இருந்துச்சே. கழுவி வுட்ட தண்ணிய வெளிய வுடறதுக்கு முன்ன டெஸ்ட் பண்ணணும்ல, அந்த சாம்பிளு. பாரு, எம்மா ஆல்கஹாலுன்னு. டாஸ்மாக்க மூடிட்டு இத்த தொறக்கலாம்."

"எப்ப எடுத்தது?"

"சனிக்கெழம. அந்த டிரைவரு ஜீப்புலயே வெச்சுப் பூட்டிகினு வூட்டுக்குப் பூட்டான். கேட்டா மறந்துட்டேன்றான். ரெண்டு நாளு வெயில்ல வெந்துகீது. கூழு புளிக்கிறாப்ல புளிச்சிகினு குந்தினுகீது. இதுக்கு நான் இன்னா ரிப்போர்ட்டு எழுதறது?"

சுஹைப் திரையைப் பார்த்தான். பெரிய மேடு. அதற்குப் பக்கத்தில், சற்றுத் தள்ளி, தரையோடு தரையாக இன்னொரு சின்ன மேடு.

"இது என்ன?"

"இன்னா மச்சி, தூங்குறியா? புரோப்பனாலு. கெட்டுப்போன சாமான்ல ஆல்கஹாலோட கூடவே அதுவும் வரும். பாட்டில்ல ஊத்தி விக்கறதுல இப்டி வராது. அழுவுனா தான் வரும்." சொல்லி முடித்த பிறகுதான் தீனாவுக்கு உறைத்தது. மௌஸை விட்டுக் கையை எடுத்தான். "டேய், நான் எதையும் நென்ச்சுகினு சொல்லலடா. அம்மா சத்தியமா."

சுஹைபுக்குத் தெரியாத விஷயம் இல்லை அது. இரண்டாம் வருஷப் பாடத்திலேயே இருந்தது. மிஷின் தப்பு செய்யுமா என்றுதான் மாமி கேட்டார், அதற்குத்தான் அவனும் பதில் சொன்னான். மிஷினுக்குள் போன பாட்டில் எங்கே கிடந்தது என்பதை அவன் கேட்டுக்கொள்ளவே இல்லை. இங்கே தினமும் அதைத்தான் முதலில் கேட்பான்.

"இத ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தா?" என்றான்.

"ஒண்ணும் வந்திருக்காது" என்றான் தீனா. குரல் இறங்கியிருந்தது. "கெளம்புறியா? கெளம்பு. மானேஜருக்கு வயித்து வலின்னு சொல்லிக்கிறேன். உனுக்கா எனக்கான்னு கேட்டா எனக்குன்னு சொல்றேன்."

ரத்தத்தைப் பரிசோதித்த லேபில் உள்ளே விடவில்லை. வெளி வாசலில் காத்திருந்தான். காகிதத்தின் கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர் ஞானசெல்வி. தென்கோடியிலிருந்து வந்து இருபது வருஷமாக அங்கே வேலை பார்ப்பவர். மதியம் டீக்கு வெளியே வந்தபோது யாரோ காட்டினார்கள். அவன் கேஸ் நம்பரைச் சொன்னதும் அவர் டீயைக் கீழே வைத்தார்.

"கேஸைப் பத்தி வெளியாட்கள்ட்ட பேசக்கூடாது தம்பி."

"நான் புருஷன் மேடம்."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அது எனக்கு ஞாபகம் இருக்கு. ரத்தம் கெடாம இருக்கப் போடுத மருந்து போடாம வந்த பாட்டில். அதைக் கீழ எழுதிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"பக்கத்துல சின்னதா இன்னொரு மேடு இருந்துச்சா மேடம்?"

"நீங்க என்ன வேலை பாக்குதீங்க?"

சொன்னான்.

"இருந்தது" என்றார்.

"ஏன் எழுதல?"

"ஆல்கஹால் இருக்கா இல்லையான்னு கேட்டு அனுப்பியிருந்தாங்க. இருந்தது, எழுதினேன். எவ்வளவுன்னு கேட்டாங்க, அதையும் எழுதினேன். எங்கேருந்து வந்ததுன்னு ஒருத்தரும் கேக்கல. கேக்காததை எழுதினா நாளைக்குக் கூண்டுல ஏத்தி, உனக்கு எவன் காசு குடுத்தான்னு கேப்பான் வக்கீல்." டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "எழுதியிருக்கலாம்தான். ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் வருதுன்னு உங்களுக்குத் தெரியாது. சரி, நான் கேக்கேன், சொல்லுங்க. எப்பம் இறந்தாங்க?"

"புயல் அன்னிக்கு ராத்திரி."

"எப்பம் அறுத்தாங்க?"

"உடம்பு கிடைச்சு ரெண்டு நாள் கழிச்சு."

"அதுவரைக்கும் எங்க கெடந்தாங்க?"

"மார்ச்சுவரில. ஊர் முழுக்க கரண்ட் இல்ல. ஜெனரேட்டருக்குள்ள தண்ணி."

"எல்லாவனுக்கும் அந்த நாலு நாள் அப்படித்தான். ஆனா மழையிலயும் டாக்டருமார் வேலை பாத்தாங்களே. கெடைச்ச அன்னைக்கே ஏன் முடிக்கல?"

சுஹைப் ரோட்டைப் பார்த்தான். டேங்கர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

"அறுக்க வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்களா?"

"ஆமா."

"யாரு?"

"கையெழுத்து என்னோடது."

ஞானசெல்வி பெருமூச்சு விட்டார். "நிறைய பேரு குடுக்காங்க. யாரையும் குத்தம் சொல்லதுக்கில்ல. தம்பி, உயிரு போன பொறவு உடம்புக்குள்ள இருக்க சர்க்கரையே புளிச்சு அப்படி மாறும். குளிர்ச்சி இல்லைன்னா வெரசா மாறும். உங்க வீட்டுக்காரி குடிக்கவே இல்லைன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. அந்தச் சின்ன மேட்டை வெச்சுப் பாத்தா, அது பொறவு வந்ததுதான்னு எழுத முடியும். ஸ்டேஷன்லேருந்து கேட்டு எழுதச் சொல்லுங்க. உடம்பு எப்படிக் கெடந்தது, ஏன் தாமதம்னு வீட்டாளுங்க வாக்குமூலம் கூட இருக்கணும். இல்லாம நானா எழுதினா நிக்காது."

டீக்கு அவன் காசு கொடுக்கப் போனான். அவர் கையைத் தட்டிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனுக்கு அந்த மதியம் முழுவதும் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் முழங்கால் தண்ணீர். அதில் உட்கார்ந்து காத்தூன் பீவி தாவூதின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். "எம் புள்ளைய அறுக்க வுடாதீங்க. அவ ஒடம்புல கத்தி பட்டுதுன்னா நான் இங்கயே வுழுந்து மௌத்தாயிடுவேன்." தாவூது ஓடினார். இன்ஸ்பெக்டர், கவுன்சிலர், தாசில்தார் என்று ஓடினார். எல்லாரும் வெள்ளத்தில் இருந்தார்கள். ஒருவர் பார்க்கலாம் என்றார். ஒருவர் நாளைக்கு என்றார். கடைசியில் முடியாது என்று வந்தது. அதற்குள் இரண்டு நாள் போயிருந்தது. அறுக்க வேண்டாம் என்ற மனுவை அந்த முதல் மதியமே யாரோ நீட்டி, அவன் விரல்களுக்கு நடுவில் பேனாவைச் செருகியிருந்தார்கள். சுஹைப் கையெழுத்துப் போட்டிருந்தான்.

காசிமேட்டில் தாவூதுக்கு ஐஸ் உடைக்கும் மிஷின். ஐஸ் பார்களைப் பலகையில் சறுக்கிவிட்டு, கொக்கியால் இழுத்து, மிஷின் வாயில் கொடுத்தால் மறுபக்கம் நொறுங்கிக் கூடையில் விழும். கடலுக்குப் போகும் போட்டுகள் அதைத்தான் வயிற்றில் நிரப்பிக்கொண்டு போகும். சுஹைப் போனபோது அவர் கைலியை மடித்துக் கட்டி, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னா மாப்ளே, வேலைக்குப் போவல?"

"ரிஃபானா குடிக்கல மாமா."

மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை. அவன் மறுபடி சொன்னான். தாவூது மிஷினை நிறுத்தினார். ஈரச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூன்று தடவை சொன்னார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகு நேரம் துடைத்தார்.

"எனக்குத் தெரியும் மாப்ளே. உள்ளுக்குள்ள தெரியும். அப்போ அந்தக் கருமம் எங்கேருந்து வந்துச்சாம்?"

சுஹைப் சொன்னான். தன் லேபில் சொல்வதுபோல, கூட்டாமல் குறைக்காமல். தாவூதின் கை முகத்திலேயே நின்றது.

"ரெண்டு நாளுலயா?"

"ஆமா மாமா."

"மொத நாளே வுட்டுருந்தா?"

"வந்திருக்காது."

"பாய்!" என்று போட்டிலிருந்து ஒருவன் கத்தினான். "மருமவன் வந்தா மிஷின ஆஃப் பண்ணிடுவியா? சீக்கிரம் போடு, காத்து திரும்பறதுக்குள்ள நாங்க கெளம்பணும்."

"குந்துடா, உன் மீனு எங்கயும் ஓடிப் பூடாது!" தாவூதுக்கு வழக்கமான பதில்தான் வந்தது. குரல் மட்டும் உடைந்திருந்தது. அவர் பலகையில் உருகி ஓடும் தண்ணீரைப் பார்த்தார். "இந்த ஹார்பர்ல கீற போட்டுக்கெல்லாம் ஐஸு போட்டவன் நான். அன்னிக்கு ஒரு பார் கெடைக்கல. ஃபேக்டரி பூரா தண்ணி. மார்ச்சுவரிக்காரன் கிட்ட சொன்னேன், எங்கனா தேடி தலைல தூக்கினு வரேன்பான்னு. வந்தா போட்டுக்கறேன்னான். எங்க போறது? கெட்டுப்பூடும்னு தெரியும் மாப்ளே. சாராயம் ஆவும்னு யாரு கண்டா?"

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தா அந்த மேடம் மாத்தி எழுதுறேன்னாங்க. ஏன் லேட்டாச்சுன்னு எழுதணும்."

தாவூது நிமிர்ந்தார். "வேணாம்."

"மாமா?"

"வேணாம்றேன். கால்ல வுழுந்தது யாரு? உன் மாமி. நான் சும்மா ஓடுனவன். இத்த அவ காதுல போட்டியின்னா என்னாவும்? எம் புள்ளைக்கு இந்தப் பேர வாங்கிக் குடுத்தது நான்தான்னு அவ தெரிஞ்சிக்கணுமா? இப்போ மவ மேல கோவமா கீறா. கோவம் நல்லது மாப்ளே. கோவத்துல மன்ஷன் சோறு துன்றான், தூங்கறான். இது தெரிஞ்சா துன்ன மாட்டா."

"அப்ப ரிஃபானா பேரு?"

"செத்தவ தாங்குவா மாப்ளே. கீறவ தாங்க மாட்டா."

சுஹைபுக்கு அது சரிதானோ என்றுகூடத் தோன்றியது. தாவூது எழுந்து மிஷினைப் போட்டார். கொக்கி ஒருமுறை பாரில் மாட்டாமல் வழுக்கியது. இரண்டாம் முறை மாட்டியது.

"நான்கூட நம்பினேன் மாமா" என்றான் சுஹைப்.

மிஷின் அரைத்துக்கொண்டிருந்தது. தாவூதுக்குக் கேட்டிருக்காது.

வீட்டில் காத்தூன் பீவி தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைக் கிள்ளி, விரலால் வயிற்றை வழித்து, சட்டியில் போடுவது. பூனை ஒன்று எட்டி இருந்தது. சுஹைப் மாடிக்குப் போகாமல் எதிரில் உட்கார்ந்தான். அவன் அங்கே உட்கார்ந்து மாதங்கள் ஆகிவிட்டன. வரும் வழியெல்லாம் ஒன்றை யோசித்து வைத்திருந்தான். தாவூது சொன்னதும் நடக்கட்டும், ரிஃபானாவின் பேரும் நிற்கட்டும், குற்றம் தன் பேரில் இருக்கட்டும் என்று.

"மாமி, ரிஃபானா குடிக்கல."

அவர் கை நிற்கவில்லை. "இன்னா, இன்னிக்குக் கனா கண்டியா?"

"லேப்ல போய் விசாரிச்சேன்."

"அந்த மிஷினு தப்பா சொல்லுமான்னு நான் உன்னத்தான் கேட்டேன். நீ தலைய ஆட்டுன. உன் தலைய நம்பித்தான் நான் எம் புள்ளைய வுட்டேன்."

"ஆட்டுனேன். தப்பு மாமி."

"அப்ப ரத்தத்துல இருந்துச்சுன்னது பொய்யா?"

"இருந்துச்சு. அவ குடிச்சு வரல. மௌத்தான பிறகு, வெச்சிருந்த இடத்துல வந்துச்சு. கரண்ட் இல்ல. சூட்டுல வெச்சா அப்படி ஆகும். லேட் ஆனதாலதான். வேணாம்னு கையெழுத்துப் போட்டது நான். என் தப்பு."

அவர் கிள்ளிய நெத்திலியைக் கையிலேயே வைத்திருந்தார். தெருக்கோடியில் கூட்ஸ் வண்டி ஒன்று பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி போனதும் கேட்டார்.

"எது வேணாம்னு?"

"அறுக்க வேணாம்னு."

"அத்த நான் இல்ல சொன்னேன்?"

"போட்டது நான் மாமி."

"நீ எங்கடா போட்ட? அன்னிக்கு உன் பேரக் கேட்டா உனுக்கு சொல்லத் தெரியல. பேனாவ உங்கையில சொருவுனது உன் மாமா. அவரப் புடிச்சுத் தள்ளுனது நானு."

வாசலில் தாவூது நின்றிருந்தார். ஈரக் கைலியோடு, மிஷினை யாரிடமோ விட்டுவிட்டு ஓடி வந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கியது. "மாப்ளே, உனுக்கு இன்னா சொன்னேன் நான்? ஏ காத்தூனு, அவன் இன்னாவோ ஒளர்றான். புள்ள போன துக்கத்துல மண்ட கொழம்பிகீது அவனுக்கு."

"நீங்க ஒரு நிமிசம் சும்மா இருங்க." அவர் மீனைச் சட்டியில் போட்டார். "உங்களுக்கும் தெரியுமா?"

"இப்போ தான் சொன்னான்."

"சொன்னதும் எங்கிட்ட மறைக்கணும்னு தோணுச்சா?"

தாவூது கதவைப் பிடித்துக்கொண்டார். காத்தூன் பீவி சட்டியை நகர்த்திவிட்டு, மீன் கையை மடியில் படாமல் தூக்கிப் பிடித்தபடி அப்படியே குனிந்தார். நெற்றி ஏறக்குறையத் தரையில் பட்டது. சத்தம் வரவில்லை. முதுகு மட்டும் ஏறி இறங்கியது. சுஹைப் எழுந்தான், என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். பூனை சட்டிக்குள் தலையை விட்டது. யாரும் விரட்டவில்லை.

நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "இத்த மாத்த ஸ்டேசன்ல இன்னா கேப்பாங்க?"

"ஏன் லேட்டாச்சுன்னு வீட்டுல ஒருத்தர் எழுதிக் குடுக்கணும். நான் குடுத்துடறேன் மாமி."

"நீ குடுத்தா, புருசன்காரன் பொண்டாட்டிய மூடி மறைக்கிறாம்பாங்க. நான் வரேன்."

"இன்னா பேசற நீ?" தாவூது கத்தினார். "அம்மாம் பேரு முன்னால போயி இத்த சொல்லுவியா? நாளைக்குத் தெரு பேசும். பெத்தவளே பொண்ண நாறடிச்சான்னு பேசும்."

"பேசட்டும். எம்மேல தான பேசும்? நான் உசுரோட கீறேன். எவளாச்சும் வாயத் தொறந்தா திருப்பி நாலு வார்த்த கேப்பேன். அவ இன்னா பண்ணுவா, மண்ணுக்குள்ள படுத்துகினு? அவளுக்குன்னு பேச நான்தான் இருந்தேன். நானும் வாய மூடிகினேன்." அவர் குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். "வுடுங்க, மீனு அப்டியே கெடக்கட்டும். கெளம்புங்க."

ஸ்டேஷனில் ரைட்டருக்கு முதலில் புரியவில்லை. பிறகு பொறுமை இல்லை.

"புருஷன் கையெழுத்து போதும்மா. நீங்க எதுக்கு இதுல?"

"நான் சொல்றத எழுதுங்க."

"சொல்லுங்க."

"எம் பொண்ண அறுக்கக்கூடாதுன்னு தடுத்தது நானு. எம் புருசனும் மருமவனும் எனக்காகத்தான் அலைஞ்சாங்க. அதுல ரெண்டு நாளு பூடுச்சு. வெயிலுல மீனு கெடக்கறாப்ல எம் பொண்ணு கெடந்துச்சு. அதுல வந்த நாத்தம் அது. அவ குடிக்கல."

"மீனு கீனெல்லாம் எழுத முடியாதும்மா."

"எழுதாத. குடிக்கலன்னு எழுது. தடுத்தது தாய்க்காரின்னு எழுது. எழுதிட்டுப் படிச்சுக் காட்டு."

பெஞ்சில் அன்றைக்கும் ஆட்கள் இருந்தார்கள். ரைட்டர் எழுதினார். படித்துக் காட்டினார். வாசகம் ஒன்றைச் சரியில்லை என்று காத்தூன் பீவி மாற்றச் சொன்னார். "தாயார் கேட்டுக்கொண்டதன் பேரில்" என்று இருந்தது. கேட்டுக்கொள்ளவில்லை, காலைப் பிடித்தேன் என்றார். ரைட்டர் அவரைப் பார்த்தார். தாவூதைப் பார்த்தார். பிறகு அடித்துவிட்டு, "வற்புறுத்தியதன் பேரில்" என்று எழுதினார். காத்தூன் பீவி ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரைப் போட்டார்.

"இதோட முடிஞ்சுதா?" என்றார்.

"லேப்புக்கு அனுப்பணும். அவங்க எழுதணும். அப்பறம் கான்ட்ராக்டர் கேஸ கோர்ட்டு தான் பாக்கணும். ஆவும்மா, மாசக்கணக்குல ஆவும்."

வெளியே நெடுஞ்சாலை கொதித்தது. கன்டெய்னர் லாரிகள் ஹார்பர் பக்கம் வரிசை கட்டி நின்றன. தாவூது முன்னால் நடந்துபோய் ஷேர் ஆட்டோவுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். காத்தூன் பீவி ஒரு கடைப் பந்தலின் நிழலில் நின்றார். முக்காட்டுத் துணியால் கழுத்தைத் துடைத்தார்.

"சுஹைபு."

"மாமி."

"அந்த ரெண்டு நாளும் நீ எங்க இருந்த? வூட்டுக்கு வரல."

"அங்கதான் இருந்தேன். மார்ச்சுவரி கதவுக்கு வெளிய, படிக்கட்டுல."

"தண்ணியிலயா?"

"மேல் படில தண்ணி இல்ல."

அவர் தலையாட்டினார். ஏதோ சரிபார்த்துக்கொள்வதுபோல இருந்தது. தாவூது திரும்பி இவர்களைப் பார்த்தார்.

"கரண்ட்டு இல்லன்னியே. உள்ள லைட்டும் இல்லையா?"

சுஹைப் அந்தக் கதவை நினைத்தான். இரண்டு ராத்திரியும் அதன் அடி இடுக்கைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். தன் போனும் செத்துப்போயிருந்தது. காவலாள் ஒரு மெழுகுவத்தி கேட்டு அலைந்தான், கிடைக்கவில்லை. இருட்டு இல்லை என்று சொல்லலாம், எமர்ஜென்சி லைட் ஒன்று இருந்தது மாமி என்று சொல்லலாம். இந்த ஒன்றுக்கு யாரும் வாக்குமூலம் கேட்கப் போவதில்லை.

"இல்ல மாமி" என்றான். "இருட்டாத்தான் இருந்துச்சு."

"ரெண்டு ராத்திரியுமா?"

"ரெண்டு ராத்திரியும்."

ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. "கல்மண்டபம், கல்மண்டபம்" என்று டிரைவர் கூவினார். உள்ளே இடம் இருந்தது. தாவூது ஒரு காலை உள்ளே வைத்தபடி மனைவியைப் பார்த்தார். காத்தூன் பீவி வரவில்லை. அவர் அந்த வெயிலையே பார்த்துக்கொண்டு நின்றார். தாவூது காலை வெளியே எடுத்தார். டிரைவர் இன்னொரு தடவை கூவிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.